புதுசா சேர்றவங்களுக்கு டெப்ளாய்மென்ட் டாக்குமென்ட்: என்ன எழுதணும், எதை விடணும்?

குறுக்குச்சந்து எழுதியது:

எங்க டீமில் அடுத்த மாசம் ரெண்டு பேர் புதுசா சேர்றாங்க. ஒருத்தர் ஃப்ரெஷர். இன்னொருத்தர் வேற இடத்தில் ஜாவா எழுதிட்டு இருந்தவர், புரொடக்‌ஷன் (பயனர்கள் நிஜமா பயன்படுத்தற சிஸ்டம்) பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அதே மாசக் கடைசியில் எங்க சீனியர் ஒருத்தருக்கு நோட்டீஸ் பீரியட் முடியுது. அவர் தலைக்குள்ள இருக்கிறதை எல்லாம் டாக்குமென்டா மாத்தணும்னு மேனேஜர் சொல்லிட்டார். வழக்கம்போல கேடி (தெரிஞ்சதைக் கைமாத்தற) செஷன் வெச்சு, ரெக்கார்ட் பண்ணி, டிரைவில் போட்டுடலாம்னு ஒரு பேச்சு ஓடுது. அப்படிப் போட்ட பழைய வீடியோக்களை யாராவது திறந்து பார்த்ததா எனக்கு ஞாபகம் இல்லை.

எங்க அமைப்பு: கூபர்நெட்டிஸில் (பல சர்வர்களில் புரோகிராம்களை ஓட்டி நிர்வகிக்கிறது) சில சர்வீஸ்கள், அதில் அவற்றை ஏத்த ஹெல்ம், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் (ஒரு பிரைமரி, அதன் நகலா ரெண்டு ரெப்ளிகா), கோடைச் சோதிச்சு ஏத்தற கிட்லேப் பைப்லைன், அலர்ட்டுக்கு புரோமீதியஸ். பழைய பேட்ச் ஜாப்கள் இன்னும் தனி விஎம்மில் (விர்ச்சுவல் மெஷின்) கிரானில் (நேரம் குறிச்சு ஓட்டற கருவி) ஓடுது. விக்கியில் இப்ப இருக்கிற டெப்ளாய் (புது கோடை சர்வர்களில் ஏத்தறது) பக்கத்தை அப்படியே போடுறேன் (ஸ்டேஜிங் என்றால் சோதனைக்கான நகல் அமைப்பு):

1. மெயின் கிளையில் மெர்ஜ் ஆனதும் பைப்லைன் தானாக ஓடும்.
2. ஸ்டேஜிங்கில் சரிபார்க்கவும்.
3. புரொடக்‌ஷன் பட்டனை அழுத்தவும்.
4. மைக்ரேஷன் இருந்தால் முதலில் அதை ஓட்டவும்.
5. எல்லாம் சரியாக உள்ளதா என்று பார்க்கவும்.
6. பிரச்சினை என்றால் ரோல்பேக் செய்யவும்.

இதை வெச்சு ஒரு புது ஆள் தனியா டெப்ளாய் பண்ண முடியுமா? முடியாதுன்னு தெரியுது. எங்க ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியலை.

---

நடுநிசி_பேஜர் எழுதியது:

நாலாவது வரியில் ஆரம்பிங்க. "மைக்ரேஷன் (டேட்டாபேஸ் அமைப்பை மாத்தறது) இருந்தால் முதலில்" என்று போட்டிருக்கு. அதுக்கு முந்தின வரியிலேயே பட்டனை அழுத்தச் சொல்லியாச்சே! புதுசா வர்றவர் முழுப் பக்கத்தையும் படிச்சு முடிச்சிட்டு வேலையை ஆரம்பிக்க மாட்டார், ஒரு வரி படிப்பார், ஒரு வரி செய்வார். இதை எழுதினவர் இந்தப் பக்கத்தைப் பார்த்து ஒரு நாளும் டெப்ளாய் பண்ணியிருக்க மாட்டார். அவருக்குக் கை தானாப் போகும்.

அஞ்சாவது வரியில் "எல்லாம்" என்றால் எது? எந்த டேஷ்போர்டு, அதில் எந்தப் பேனல், எத்தனை நிமிஷம்? "500 வரிசைப் பிழைகள் வழக்கமா 0.1 சதவீதத்துக்குக் கீழே இருக்கும். டெப்ளாய் முடிஞ்சு 10 நிமிஷம் பாருங்க. 1 சதவீதத்தைத் தாண்டினா ரோல்பேக்" என்று எழுதினால் ஃப்ரெஷரும் பார்ப்பார். எண் உங்க சர்வீஸுக்கு ஏத்த மாதிரி இருக்கட்டும், ஆனா ஒரு எண் இருக்கணும்.

ஆறாவது, பழைய பதிப்புக்குத் திரும்பற ரோல்பேக்தான் ஆபத்து. ஹெல்ம் ரோல்பேக் பழைய மேனிஃபெஸ்ட்டை (எது எப்படி ஓடணும்னு சொல்ற ஃபைல்) திரும்பக் கொண்டுவரும், அவ்வளவுதான். டேட்டாபேஸைத் தொடாது. மைக்ரேஷனில் ஒரு ஃபீல்டை டிராப் பண்ணியிருந்தா, திரும்பி வந்த பழைய கோடு அந்த ஃபீல்டைத் தேடி விழும். எந்தப் படிக்கு மேல போனா திரும்ப முடியாதோ, அந்த இடத்தில் பெரிய எழுத்தில் அதைச் சொல்லணும்.

இன்னொண்ணு, யாரும் எழுதாத வரி: ரோல்பேக் பண்ண யாருக்கு அதிகாரம்? "மேலே சொன்ன எண் தாண்டினால் யாரையும் கேட்க வேண்டாம், நீங்களே ரோல்பேக் செய்யலாம், பிறகு சொன்னால் போதும்" என்று லீட் பேரில் ஒரு வரி இருக்கட்டும். அது இல்லாததால்தான் புது ஆள் ராத்திரி ரெண்டு மணிக்கு ஸ்லாக்கில் "அண்ணா இருக்கீங்களா" என்று போட்டுட்டு உட்கார்ந்திருப்பார், கிளையன்ட் பக்கம் எல்லாம் எரிஞ்சுக்கிட்டிருக்கும்.

---

தரவுக்கிடங்கு எழுதியது:

ரோல்பேக் பற்றி நடுநிசி சொன்னதோடு நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தின் கதையைச் சேர்த்துப் படியுங்கள். 2012 ஆகஸ்ட் 1. நியூயார்க் பங்குச் சந்தையில் ஒரு புதிய திட்டம் தொடங்கும் நாள், அதற்கான புதிய கோடை நைட் நிறுவனம் பங்கு ஆர்டர்களை அனுப்பும் தன் ஆர்டர் ரூட்டரின் எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டும். ஏழில் ஏற்றினார்கள், எட்டாவது விட்டுப்போனது. பல ஆண்டுகளாகப் பயன்படுத்தாமல் கிடந்த "பவர் பெக்" என்ற பழைய கோடு அந்த எட்டாவதில் அப்படியே இருந்தது. புதிய கோடு, அந்தப் பழைய வசதியை இயக்கப் பயன்பட்ட அதே கொடியை (ஆன்/ஆஃப் குறியீடு) வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டது. சந்தை திறந்தது, எட்டாவது சர்வர் நிறுத்தமில்லாமல் ஆர்டர் அனுப்பியது. சுமார் 45 நிமிடத்தில் நாற்பது கோடி டாலருக்கு மேல் நட்டம்.

இது பலருக்குத் தெரியும். அடுத்து நடந்தது அவ்வளவாகத் தெரியாது. பதற்றத்தில் அவர்கள் சரியாக ஏறியிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய கோடை நீக்கினார்கள். இப்போது எட்டு சர்வர்களிலும் பழைய கோடு, நிலைமை இன்னும் மோசமானது. அன்று காலை சந்தை திறக்கும் முன்பே, பவர் பெக் பெயரைச் சுட்டும் பிழையோடு 97 மின்னஞ்சல்கள் உள்ளே சுற்றியிருந்தன. அவை அலர்ட்டாக வடிவமைக்கப்பட்டவை அல்ல, ஆகவே யாரும் நடவடிக்கை எடுக்கவில்லை. அமெரிக்காவின் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையம் 2013 அக்டோபரில் வெளியிட்ட உத்தரவில் இதெல்லாம் இருக்கிறது. ஏற்றியதை இரண்டாவது ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்து வடிவ நடைமுறையே அங்கே இல்லை என்றும் அது சொல்கிறது.

உங்கள் பக்கத்தில் மூன்றாவது வரிக்குக் கீழே "எல்லா பாட்களும் புதிய இமேஜில்தான் ஓடுகின்றனவா? அந்தத் தனி விஎம்மிலும் ஏறிவிட்டதா?" என்று ஒரு சோதனை வேண்டும் (பாட் என்பது கூபர்நெட்டிஸில் ஓடும் ஒரு பிரதி, இமேஜ் என்பது அதில் ஓடும் கோடின் தொகுப்பு). விஎம்தான் உங்கள் எட்டாவது சர்வர்.

---

தானியங்கி எழுதியது:

எல்லாரும் டாக்குமென்டை எப்படி நல்லா எழுதுறதுன்னு பேசறீங்க ப்ரோ. ஆறு படி இருந்தா ஆறையும் பைப்லைனுக்குள்ள போடுங்க. மைக்ரேஷன் முதல்ல ஓடணும்னா ஒரு ஸ்டேஜ் சேருங்க. எண் தாண்டினா தானா ரோல்பேக் ஆகட்டும். மனுஷன் படிச்சு செய்யற ஒவ்வொரு வரியும் இன்னும் ஸ்கிரிப்ட் ஆகாத வரி. விக்கி ஆறு மாசத்தில் பொய்யாயிடும், ஸ்கிரிப்ட் பொய் சொன்னா உடனே உடையும்.

---

நடுநிசி_பேஜர் எழுதியது:

> விக்கி ஆறு மாசத்தில் பொய்யாயிடும்

இதை ஒத்துக்கறேன். அமேசானின் கிளவுட் சேமிப்பான எஸ்3 2017 பிப்ரவரி 28 அன்று விழுந்ததும் உங்க கட்சிக்குச் சாதகமான சாட்சிதான். பில்லிங் பக்கம் ஏதோ மெதுவாயிருக்குன்னு பார்த்துக்கிட்டிருந்த, அனுமதி உள்ள ஒரு ஊழியர், ஏற்கெனவே எழுதிவெச்ச பிளேபுக்கை (படிப்படியான வழிகாட்டி) பார்த்துத்தான் கட்டளை கொடுத்தார். சில சர்வர்களை மட்டும் எடுக்கணும். ஒரு உள்ளீடு தப்பா விழுந்தது, நினைச்சதைவிட நிறைய சர்வர்கள் போச்சு, யுஎஸ்-ஈஸ்ட்-1 பகுதியில் மணிக்கணக்கில் பாதி இணையம் தவிச்சது. பிளேபுக் இருந்தது, படிச்சும் செஞ்சார். அதுக்கப்புறம் அவங்க மாத்தினது கருவியை: சர்வர்களை மெதுவாத்தான் எடுக்கும், குறைஞ்சபட்ச அளவுக்குக் கீழே போக விடாது. "கவனமாக டைப் செய்யவும்" என்று பிளேபுக்கில் ஒரு வரி சேர்த்திருந்தா சிரிப்பாயிருக்கும்.

ஆனா ப்ரோ, பைப்லைன் நடுவில் நின்னுபோற அன்னைக்கு? மைக்ரேஷன் பாதியில் லாக்குக்கு (வேற வேலை பூட்டிவெச்ச டேபிள் விடுபட) காத்திருந்து டைம்அவுட் ஆச்சுன்னு வெச்சுக்கோங்க. ஃப்ரெஷர் சிவப்புப் பெருக்கல் குறியைப் பார்ப்பார். ரீட்ரை அழுத்தலாமா கூடாதான்னு ஸ்கிரிப்ட் சொல்லாது. எவ்வளவு தானியங்கியா ஆக்குறோமோ, அது உடையற நாளில் உள்ளே என்ன நடக்குதுன்னு தெரிஞ்சவங்க அவ்வளவு குறைவா இருப்பாங்க.

நடுவில் ஒரு வழி உண்டு. முதல் வாரம் எதையும் செய்யாத ஸ்கிரிப்ட் ஒண்ணு எழுதுங்க. படிகளை ஒவ்வொண்ணாத் திரையில் காட்டும், "முடிந்ததும் என்டர் அழுத்தவும்" என்று நிக்கும். வேலை இன்னும் மனுஷன்தான் செய்யறார், ஆனா எந்தப் படியும் விட்டுப்போகாது. அப்புறம் நேரம் கிடைக்கிறப்ப ஒரு படியை மட்டும் நிஜக் கோடாக மாத்துங்க, அடுத்த மாசம் இன்னொண்ணு. எல்லாத்தையும் ஒரே ஸ்பிரின்ட்டில் ஆட்டோமேட் பண்றேன்னு கிளம்பினவங்க ரெண்டுமில்லாம நின்னதைத்தான் பார்த்திருக்கேன்.

---

முதல்_கமிட் எழுதியது:

நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகலை, அந்தப் பக்கத்தில் இருந்து சொல்றேன்.

முதல்ல பேர். எங்க பேமென்ட் சர்வீஸுக்கு ரெப்போவில் (கோடு இருக்கிற இடம்) ஒரு பேர், கூபர்நெட்டிஸ் நேம்ஸ்பேஸில் வேற பேர், டேஷ்போர்டில் மூணாவது பேர். மீட்டிங்கில் எல்லாரும் அதை "பழைய கேட்வே"ன்னு சொல்வாங்க. நாலும் ஒண்ணுதான்னு புரியறதுக்கே எனக்கு ரொம்ப நாள் ஆச்சு. யாரும் மறைக்கலை, அது ஒரு தகவல்னே அவங்களுக்குத் தோணலை. ஊர்க்காரங்க வழி சொல்ற மாதிரி, "முன்னாடி டீக்கடை இருந்த இடத்தில் திரும்பு"ன்னு. ஒரு பக்கத்தில் அட்டவணையாப் போட்டுட்டா அரைமணி நேர வேலை.

அடுத்தது அக்சஸ். டாக்குமென்டில் மூணாவது படி வரைக்கும் சந்தோஷமாப் போவேன், அங்க "பர்மிஷன் இல்லை"ன்னு வரும். டிக்கெட் போட்டா ரெண்டு நாள். என்னென்ன அக்சஸ் வேணும், எந்தக் குரூப், யார் அப்ரூவ் பண்ணுவாங்க, வந்திருச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது, இதெல்லாம் பக்கத்தோட தலையிலேயே இருக்கணும்.

அப்புறம் சீனியரோட லேப்டாப். விக்கியில் இருந்த ஒரு கட்டளை எனக்கு மட்டும் ஓடவே இல்லை. என் மெஷினில்தான் ஏதோ கோளாறுன்னு ஒரு நாள் முழுக்கத் தலையைப் பிச்சிக்கிட்டேன். கடைசியில் பார்த்தா அது அவரோட டெர்மினல் செட்டிங் ஃபைலான பேஷ்-ஆர்சியில் இருந்த ஏலியாஸ் (அவரே வெச்ச சுருக்கப் பேர்)! அவர் அதையே காப்பி பண்ணி விக்கியில் போட்டிருக்கார்.

அலர்ட் பத்தியும் கொஞ்சம் எழுதுங்க அண்ணா. எது வந்தா ஓடணும், எது தினமும் காலையில் பேட்ச் ஓடறப்ப வந்து தானாப் போயிடும்னு சீனியர்களுக்கு மனப்பாடம். எனக்கு எல்லாமே சிவப்பு.

---

நடுநிசி_பேஜர் எழுதியது:

தினமும் வந்து தானாப் போற அலர்ட்டை டாக்குமென்டில் எழுதாதீங்கம்மா, அழிங்க. அல்லது அந்த நேரத்துக்கு மட்டும் வாயை அடைங்க. "இதைக் கண்டுக்காதே" என்று எழுதிவெச்சா நிஜமா வர்ற நாளிலும் கண்டுக்க மாட்டோம். மேலே 97 மின்னஞ்சல் கதை வந்ததே.

மிச்சம் இருக்கிற ஒவ்வொரு அலர்ட் ரூலிலும் ரன்புக் (அது வந்தா செய்யவேண்டிய படிகள்) இணைப்பை அன்னொட்டேஷனாகச் சேர்த்துடுங்க, பேஜர் செய்தியிலேயே வந்துடும். இணைப்பு இல்லாத அலர்ட்டை ரிவ்யூவில் விடக்கூடாதுன்னு ஒரு விதி வெச்சா, புதுசா அலர்ட் சேர்க்கிற ஆசையும் பாதி குறையும்.

---

கொடிக்கால் எழுதியது:

நான் டெக்னிக்கல் ரைட்டர். ஒரே பக்கத்தில் எல்லாத்தையும் திணிக்கிறதுதான் நான் பார்க்கிற பெரிய நோய். ராத்திரி அலர்ட் வந்து திறக்கிறவருக்கு "ஏன் காஃப்கா எடுக்காம ராபிட்எம்கியூ எடுத்தோம்" என்ற மூணு பத்தி (ரெண்டும் சர்வீஸ்களுக்கு இடையில் செய்தி கடத்தற கருவிகள்) எதுக்கு? முதல் வாரத்தில் இருக்கிறவருக்கு அதுதான் வேணும். டேனியேலே புரோசிடா இதை டையாடாக்ஸிஸ் என்ற பேரில் நாலாப் பிரிக்கிறார்: கற்றுக்கொடுப்பது, ஒரு வேலையைச் செய்யும் வழி, பார்த்தறியும் விவரம், விளக்கம். நாலையும் இன்னைக்கே கட்டணும்னு இல்லை. டெப்ளாய் பக்கத்திலிருந்து "ஏன்" என்பதை மட்டும் வெட்டி வேற பக்கத்துக்கு நகர்த்துங்க, பக்கம் பாதியாயிடும்.

அந்த "ஏன்"களுக்கு, மைக்கேல் நைகார்ட் 2011இல் முன்வெச்ச முடிவுப் பதிவு முறை நல்லா ஒத்துவரும். ஒரு முடிவுக்கு ஒரு சின்ன ஃபைல்: நிலைமை என்ன, என்ன முடிவெடுத்தோம், அதனால் வந்த நல்லது கெட்டது என்ன. போற சீனியர்கிட்ட கேட்டு எழுதவேண்டியது முக்கியமா இதுதான். கட்டளைகளைக் கோடிலிருந்து தோண்டி எடுத்துடலாம், காரணங்களை முடியாது.

தமிழில் எழுதலாமான்னு சிலர் கேட்பாங்க. டீம் முழுக்கத் தமிழ் பேசறவங்கன்னா முதல் வார விளக்கங்களைத் தாராளமா எழுதலாம், கேள்வி கேட்கிற தயக்கம் குறையுது. ரன்புக் வேண்டாம். வேற டைம்ஜோனில் ஷிஃப்ட் பார்க்கிறவரும் அதைப் படிக்கணும்.

---

தரவுக்கிடங்கு எழுதியது:

குறுக்குச்சந்து கிட்லேப் பைப்லைன், போஸ்ட்கிரெஸ் இரண்டையும் சொன்னதால் கிட்லேபின் சொந்தக் கதை ஒன்று. 2017 ஜனவரி 31. ரெப்ளிகா பின்தங்கிவிட்டது, அதைப் புதிதாக உருவாக்க ஒரு பொறியாளர், பிரைமரியை நகலெடுக்கும் பேஸ்பேக்கப் கட்டளையை ஓட்டுகிறார். அது ஒன்றும் சொல்லாமல் நிற்கிறது. டேட்டா டைரக்டரியில் ஏதோ மிச்சம் இருப்பதால்தான் என்று நினைத்து அதை அழிக்கிறார். அழித்தது ரெப்ளிகாவில் அல்ல, பிரைமரியில். ஓரிரு நொடியில் நிறுத்திவிட்டார், அதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம்.

பேக்கப்பும் கைகொடுக்கவில்லை. தினசரி டம்ப் (டேட்டாபேஸின் நகல்) எடுக்கும் கருவி 9.2 பதிப்பு, டேட்டாபேஸ் 9.6. ஆகவே டம்ப் தோற்றுக்கொண்டே இருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களை டிமார்க் (அனுப்புநர் உண்மையானவரா என்ற) சரிபார்ப்பு இல்லாததால் மெயில் சர்வர் ஏற்கவில்லை. சுமார் ஆறு மணி நேரம் முன்பு ஸ்டேஜிங்குக்காகக் கையால் எடுத்திருந்த ஒரு எல்விஎம் ஸ்னாப்ஷாட்தான் (டிஸ்க்கின் அந்த நேரத்து நகல்) காப்பாற்றியது. இடைப்பட்ட ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான்.

இதை எல்லாரும் பேக்கப் பாடமாகச் சொல்வார்கள். அவர்களே வெளியிட்ட ஆய்வறிக்கையில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. பேஸ்பேக்கப் கட்டளை, பிரைமரி தரவு அனுப்பத் தொடங்கும் வரை எந்தச் செய்தியும் காட்டாமல் காத்திருக்கும். அது இயல்பு. ஆனால் அது அவர்கள் ரன்புக்கிலும் தெளிவாக இல்லை, போஸ்ட்கிரெஸ் ஆவணத்திலும் தெளிவாக இல்லை. "சில நிமிடம் ஒன்றும் காட்டாமல் நிற்கும், காத்திருக்கவும்" என்ற ஒரு வரி இருந்திருந்தால் அந்த டைரக்டரியில் யாரும் கை வைத்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே ஒவ்வொரு கட்டளைக்கும் கீழே மூன்று விஷயம் எழுதுங்கள்: எவ்வளவு நேரம் எடுக்கும், அந்த நேரத்தில் திரையில் என்ன தெரியும், நன்றாக முடிந்தால் கடைசி வரி எப்படி இருக்கும். எதையாவது அழிக்கும் கட்டளைக்கு முன்னால் எந்த மெஷினில் இருக்கிறோம் என்று கேட்கும் படி. போஸ்ட்கிரெஸில் ரெகவரி நிலையில் இருக்கிறதா என்று கேட்க ஒரு ஃபங்ஷன் உண்டு. ரெப்ளிகா என்றால் ஆம் என்று வரும், பிரைமரி என்றால் இல்லை. அந்தப் பதிலைப் பார்க்காமல் அடுத்த வரிக்குப் போகக் கூடாது.

---

குறுக்குச்சந்து எழுதியது:

நிறைய கிடைச்சது, எல்லாருக்கும் நன்றி. ரெண்டு கேள்வி. எங்க வெக்கிறது, விக்கியிலா ரெப்போவிலா? அப்புறம், சீனியர் "எழுத எனக்கு நேரமில்லை, வேணும்னா கேளுங்க, சொல்றேன்" என்கிறார். மேனேஜரும் இதுக்காக ஃபீச்சர் வேலையை நிறுத்தத் தயாரா இல்லை.

---

தானியங்கி எழுதியது:

ரெப்போ. மார்க்டவுன் ஃபைல், கோடுக்குப் பக்கத்திலேயே. டெப்ளாய் முறையை மாத்தற அதே மெர்ஜ் ரிக்வெஸ்டில் (கோடு மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கிறது) டாக்குமென்டும் மாறணும். இல்லைன்னா ரிவ்யூவரே தடுப்பார். விக்கிக்கு ரிவ்யூவரே கிடையாது.

---

நடுநிசி_பேஜர் எழுதியது:

ரெப்போதான், ஒரு திருத்தத்தோட. ஃபேஸ்புக் 2021 அக்டோபர் 4 அன்று ஆறு மணி நேரம் போல காணாமப் போச்சே. பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு கட்டளை அவங்க முதுகெலும்பு நெட்வொர்க்கையே துண்டிச்சது, டிஎன்எஸ்ஸும் (தளப் பேரை முகவரியா மாத்தறது) போச்சு, கூடவே சரிசெய்ய வழக்கமாப் பயன்படுத்தற உள் கருவிகளும் போச்சு. டேட்டா சென்டருக்கு நேர்ல ஆள் அனுப்பவேண்டியதாச்சு. உங்க கிட் சர்வர் அதே கிளஸ்டரில் ஓடுதா? அப்ப கிளஸ்டர் விழுந்தா எப்படி எழுப்பறதுன்னு சொல்ற ஃபைலும் கூடவே விழும். ஆன்-காலில் (அலர்ட் வந்தா கவனிக்கிற முறை) இருக்கிறவர் லேப்டாப்பில் ரெப்போவோட ஒரு குளோன் (முழு நகல்) எப்பவும் இருக்கணும். பிரின்ட் எடுத்து ஒட்டினாலும் சிரிக்க மாட்டேன்.

சீனியர் விஷயம்: அவரை எழுதச் சொல்லாதீங்க. எழுதினா மறுபடி அந்த ஆறு வரிதான் வரும். புது ஆள் டெப்ளாய் பண்ணட்டும், சீனியர் பக்கத்தில் உட்காரட்டும், மவுஸைத் தொடக்கூடாது, கேட்டாத்தான் வாயைத் திறக்கணும். புது ஆள் கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் டாக்குமென்டில் விட்டுப்போன ஒரு வரி. அதை அவரே அப்பவே ஃபைலில் சேர்த்து மெர்ஜ் ரிக்வெஸ்ட் போடட்டும், அதுவே அவர் முதல் கமிட்டா இருக்கட்டும். ரெண்டாவது ஆளுக்கு வேற சர்வீஸ், அதே முறை. ஃபீச்சர் வேலை எதுவும் நிக்காது. எப்படியும் டெப்ளாய் பண்ணத்தானே போறீங்க.

மேனேஜருக்கு ஏதாவது எண் வேணும்னா, கூகுளின் எஸ்ஆர்இ (சைட் ரிலையபிலிட்டி இன்ஜினியரிங்) நூலில் (2016) ஒண்ணு இருக்கு. முன்கூட்டியே யோசிச்சு பிளேபுக்கில் எழுதிவெச்சா, அந்த நேரத்தில் தோணினபடி சமாளிக்கிறதைவிட மீட்பு நேரத்தில் சுமார் மூணு மடங்கு முன்னேற்றம்னு சொல்றாங்க. அது அவங்க அனுபவம், உங்களுக்கு அப்படியே வரும்னு சொல்ல மாட்டேன். மேனேஜருக்கு அந்த ரெண்டாவது வாக்கியத்தைச் சொல்லணுமாங்கிறது உங்க இஷ்டம் :)

---

குறுக்குச்சந்து எழுதியது:

ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன். ஜாவாக்காரர் முன்னாடியே சேர்ந்துட்டார். சீனியர் பக்கத்தில் வாயை மூடிட்டு உட்கார்ந்தார் (கஷ்டப்பட்டார்). பழைய மூணு, நாலு, அஞ்சாவது வரிகள் இப்ப இப்படி இருக்கு:

- மெர்ஜ் ரிக்வெஸ்டில் மைக்ரேஷன் ஃபைல் இருக்கிறதா? இல்லையென்றால் அடுத்த இரண்டு படிகளை விடவும்.
- ஃபீல்டையோ டேபிளையோ நீக்கும் மைக்ரேஷன் என்றால் அடுத்த படிக்கு மேல் ரோல்பேக் இல்லை. லீட் ஆன்லைனில் இல்லாவிட்டால் தொடங்காதீர்கள்.
- மைக்ரேஷன் ஸ்டேஜை மட்டும் ஓட்டவும். 2 முதல் 5 நிமிடம். "காத்திருக்கிறது" என்று ஒரு நிமிடம் நிற்பது இயல்பு. 10 நிமிடம் தாண்டினால் ரத்து செய்து, கீழே "லாக்" பகுதிக்குப் போகவும். ரீட்ரை அழுத்த வேண்டாம். லீட் ஆன்லைனில் இல்லாவிட்டால் தொடங்காதீர்கள்.
- புரொடக்‌ஷன் பட்டன். எல்லா பாட்களும் புதிய இமேஜ் டேகில் வந்ததைப் பார்க்கவும். பிறகு பேட்ச் விஎம்மில் பதிப்புக் கட்டளையை ஓட்டவும். இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.
- டேஷ்போர்டு, "பிழைகள்" பேனல், 10 நிமிடம். 1 சதவீதம் தாண்டினால் (மேலே சொன்ன நீக்கும் மைக்ரேஷன் இல்லையென்றால்) யாரையும் கேட்காமல் ரோல்பேக்.

மேலே "கடைசியாக இதைப் பார்த்துச் செய்தவர், தேதி" என்று ஒரு வரி. திருத்தின தேதி வேற, செஞ்சு பார்த்த தேதி வேறன்னு கொடிக்கால் தனிச் செய்தியில் சொன்னாங்க.

ஒரு அதிர்ச்சி. ஜாவாக்காரர் "இந்த விஎம்மில் சர்டிஃபிகேட்டை யார் புதுப்பிக்கிறாங்க?"ன்னு கேட்டார். சீனியர் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "என் கிரான்டேபில்" (கிரான் வேலைகளின் பட்டியல்) என்றார். அவரோட சொந்த யூசர் பேரில் ஓடுது. கடைசி நாள் அன்னைக்கு ஐடி அந்த அக்கவுன்ட்டை மூடிடும்.

---

தரவுக்கிடங்கு எழுதியது:

அந்த விஎம்மில் இருக்கும் எல்லா யூசர்களின் கிரான்டேபையும் ரூட்டாக இருந்து பட்டியல் எடுங்கள், அவருடையதை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். கிட்லேபில் அவர் பெயரில் எடுத்த ஆக்சஸ் டோக்கன்களையும் தேடுங்கள். நேரம் குறித்து ஓடும் பைப்லைன்களின் உரிமையாளர் யார் என்றும் பாருங்கள். அக்கவுன்ட் முடங்கினால் அவையும் நின்றுபோகும்.

---

முதல்_கமிட் எழுதியது:

கூடவே அலர்ட் எல்லாம் யார் போனுக்குப் போகுதுன்னும் பாருங்க அண்ணா. எங்க இடத்தில் வேலையை விட்டுப் போனவர் நம்பருக்கே ரொம்ப நாள் போயிட்டிருந்துச்சு. பாவம், அவரும் ஒரு தடவை எழுந்து எங்களுக்குப் போன் பண்ணிச் சொன்னார்.